என் சம்பளத்தை ஏற்றாதீர்கள்

சென்ற வாரம் புதன்கிழமை காலையில் என் மேஜை மேல் ஒரு கடிதம் இருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள், நீல மை, நிதானமான கையெழுத்து. 'எனக்கு ஏப்ரல் முதல் அறிவிக்கப்பட்டிருக்கும் சம்பள உயர்வை ரத்து செய்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தது.

இரண்டு முறை படித்தேன். ரத்து... உயர்வைத்தான்.

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ ஃபாக்டரியில் ஆறு வருடமாக இன்ஜினீயராக இருக்கிறேன். இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும் - ஸ்டாப்வாட்சும் கிளிப்போர்டுமாகத் தையல் மெஷின்களுக்கு நடுவே நடப்பதுதான் என் பிழைப்பு. யார் எதை எத்தனை வினாடியில் தைக்கிறார்கள் என்று எழுதுவேன். அதை வைத்து கிரேடு போடுவேன். அந்த கிரேடை வைத்து கம்ப்யூட்டர் சம்பளம் போடும்.

கிரேடு குறைந்துவிட்டது என்று என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் உண்டு. கூடிவிட்டது என்று எழுதிக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

சகாயமேரி அக்கா. பெயரை மாற்றியிருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்டு மெயில் போடாதீர்கள், சொல்ல மாட்டேன்.

பள்ளிகொண்டாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். பத்தொன்பது வருட அனுபவம். ஷூவின் மேல்பகுதியை மடித்துத் தைக்கும் இடத்தில் - வளைவு வருமே, அங்கே - அவர் தையலைப் பார்த்தால் மெஷின் தானாக ஓடியது போல இருக்கும். லைனில் யாருக்கு நூல் அறுந்தாலும் முதலில் கூப்பிடுவது 'அக்கா'வைத்தான். ஆனால் கிரேடு? பி. மூன்று வருடமாக பி.

இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆட்கள் என்னைப் பார்த்ததும் பதற்றப்படுவார்கள், நேரம் கெட்டுவிடும் என்று எங்கள் படிப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் இந்த ஜனவரியில் ஒரு வேலை செய்தேன். தூணுக்குப் பின்னால் நின்று, அவருக்குத் தெரியாமல் நேரம் எடுத்தேன்.

ஏ கிரேடுக்கு ஒரு ஜோடியை ஐம்பத்திரண்டு வினாடிக்குள் முடிக்க வேண்டும். அக்கா நாற்பத்து நான்கில் முடித்தார். பக்கத்து மெஷின் பெண்ணோடு மீன் விலை பேசிக்கொண்டே.

எனக்கு ஒரே பெருமை. யாரும் கண்டுகொள்ளாத திறமையைக் கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா? அன்றைக்கே ஏ கிரேடு போட்டு மேலே அனுப்பினேன். மாதக் கடைசியில் பட்டியல் நோட்டீஸ் போர்டுக்கு வந்தது. மாதம் ஆயிரத்து நூறு ரூபாய் உயர்வு.

அன்று சாப்பாட்டு வேளையில் அக்கா நேராக என்னிடம் வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"எப்போ மேடம் வாட்ச் புடிச்சீங்க?"

"பொங்கலுக்கு முந்தின வாரம். தூணுக்குப் பின்னாடி இருந்து."

"சொல்லிட்டு புடிக்க மாட்டீங்களா?" கோபமில்லை. களைப்புதான் தெரிந்தது. "அதை எடுத்துடுங்க மேடம். எனக்கு வேணாம்."

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பெண்கள் இப்படித்தான், தங்களுக்கு வருவதை எப்போதும் வேண்டாம் என்பார்கள் என்று நினைத்தேன். தன்னம்பிக்கை பற்றி நான்கு வரி பேசக்கூடச் செய்தேன். அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போய்டுச்சு மேடம். செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் டயாலிசிஸ். இ.எஸ்.ஐ. கார்டுலதான் ஓடுது."

அந்தோணி அண்ணன். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். மூன்று வருடமாகச் சிறுநீரகம் இல்லை. மூன்று வருடமாக கிரேடு பி. இரண்டையும் நான் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்ததே இல்லை. பட்டியல் போடுவதுதான் என் தொழில் என்று வேறு சொல்லிக்கொள்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு. சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், கம்பெனியும் போடும். குடும்பத்துக்கே வைத்தியம். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. மாதச் சம்பளம் இருபத்தோராயிரம். தாண்டினால் நீங்கள் வசதியானவர். வெளியே போகலாம்.

அக்காவின் புதுச் சம்பளம் அந்த எல்லையை அறுநூற்றைம்பது ரூபாயால் தாண்டுகிறது.

"ஏப்ரல்ல புதுச் சம்பளம் வந்தா பிடித்தம் நின்னுடும். அதுக்கப்புறமும் கொஞ்ச மாசம் கார்டு ஓடும். டிசம்பரோட சரி," என்று, நான் போய் விசாரித்தபோது சொன்னார் இம்தியாஸ் பாய். எங்கள் எச்.ஆர். அதிகாரி. பதினைந்து வருடமாக இந்தச் சட்டங்களோடு குடும்பம் நடத்துகிறவர்.

"வெளியில இன்சூரன்ஸ் எடுத்தா?" என்றேன்.

"டயாலிசிஸ்ல இருக்கிற ஆளுக்கு எந்தக் கம்பெனி மேடம் பாலிசி குடுக்கும்? போன் பண்ணா வியாதி பேர் சொல்றதுக்குள்ள வெச்சுடுவான்."

மாநில அரசின் காப்பீடு? அதற்கு அக்காவின் சம்பளம் ஏற்கெனவே அதிகம். அரசு ஆஸ்பத்திரி? பெயர் பதிந்து வைத்திருக்கிறார்கள், இடம் காலியானால் கூப்பிடுவார்கள். டயாலிசிஸ் மெஷினில் இடம் எப்படிக் காலியாகும் என்று யோசித்துப் பார்த்தேன். மேற்கொண்டு யோசிக்கப் பிடிக்கவில்லை.

இங்கேதான், அக்காவிடம் திரும்பி வந்து, நான் இரண்டாவது தப்பு செய்தேன்.

"அக்கா, அவசரப்படாதீங்க. சனிக்கிழமை பட்ஜெட். இந்த எல்லையை ஏத்தப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. ஏறிடுச்சுன்னா உங்களுக்கு உயர்வும் கிடைக்கும், கார்டும் இருக்கும்."

"நெஜமாவா மேடம்?"

"பார்க்கலாம்க்கா."

பார்க்கலாம் என்பதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

பட்ஜெட் அன்று சனிக்கிழமை ஷிஃப்ட். கேன்டீனில் டிவி. நான் முந்தின நாளே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன் - உரையில் எந்தெந்த வார்த்தை வந்தால் கவனிக்க வேண்டும் என்று. தொழிலாளர் நலம், சமூகப் பாதுகாப்பு, காப்பீடு, சம்பள வரம்பு. பக்கத்தில் டிக் போட நான்கு சின்னக் கட்டங்கள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் அக்கா தட்டோடு டிவிக்கு எதிரே உட்கார்ந்தார். கூட தேன்மொழி - லைனில் பக்கத்து மெஷின், ஊரில் பக்கத்துத் தெரு, வாய்க்குப் பூட்டே கிடையாது.

"இன்னாக்கா, நம்ம பேரு வந்துச்சா?"

"இன்னும் இல்லடி."

"வந்துச்சே. 'நாட்டு மக்கள்'னு ரெண்டு வாட்டி சொன்னாங்க. நீ கவனிக்கல."

திடீரென்று எங்கள் ஸ்டாஃப் மேஜையில் கைதட்டல். வருமான வரி வரம்பை உயர்த்தியிருக்கிறார்கள். அக்கவுன்ட்ஸ் ஆட்கள் மொபைலில் கால்குலேட்டரைத் திறந்துவிட்டார்கள். நானும்தான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மாதம் ஒரு தொகை மிச்சம் - நான் கேட்கவே இல்லை, வந்து விழுகிறது.

"இன்னா பாய் விசேஷம்?" என்று அங்கிருந்தே கேட்டாள் தேன்மொழி.

"வரி கட்டுறவங்களுக்கு லிமிட்டை ஏத்திட்டாங்கம்மா. நிறைய பேர் இனிமே வரி கட்ட வேணாம்."

"நாங்க என்னைக்குமே கட்டுனதில்லையே. எங்களுக்கு யாரும் கை தட்டலையே பாய்."

கேன்டீன் முழுக்கச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. லிமிட் என்ற வார்த்தை மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. சோற்றுக் கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். புருவத்தாலேயே கேட்டார்: நம்மளதா?

இல்லை என்று தலையசைத்தேன். வாழ்க்கையில் எத்தனையோ முறை தலையசைத்திருக்கிறேன். அந்த ஒன்று கழுத்தில் இன்னும் வலிக்கிறது.

தோல் இறக்குமதிக்கு ஏதோ சலுகை என்றும் வந்தது. முதலாளி அறையில் சந்தோஷம். டீ வேளையில் ஆளுக்கொரு மக்கன் பேடா கொடுத்தார்கள்.

"தோலுக்கு வரி கொறைச்சா பேடா. தோலைத் தைக்கிறவளுக்கு ஒண்ணு பண்ணா இன்னா குடுப்பாங்களோ?" என்றாள் தேன்மொழி. அக்கா தன்னுடையதை ஒரு பேப்பரில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக எடுத்து தேன்மொழியிடம் கொடுத்துவிட்டார். அண்ணனுக்கு இப்போது எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்பது பெரிய பட்டியல்.

என் தாளில் நான்கு கட்டங்களும் காலி.

வீட்டுக்குப் போய் உரையின் முழு எழுத்து வடிவத்தையும் இறக்கிப் படித்தேன். டிவியில் தவறவிட்டிருக்கலாம் அல்லவா? ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பார்த்தேன். இல்லை. பிறகு இந்த எல்லை இதற்கு முன் எப்படி உயர்ந்திருக்கிறது என்று தேடினேன். அப்போதுதான் தெரிந்தது... இது பட்ஜெட்டில் வரும் விஷயமே இல்லை. அது வேறு துறை, வேறு ஆணை. ஏதாவது ஒரு நாள் வரும். வராமலும் போகும். நிதி அறிக்கைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமே கிடையாது.

அதாவது, பஸ் நிற்காத இடத்தில் ஓர் அக்காவைக் கொண்டுபோய் நிறுத்தி, 'இருங்க, இதோ வந்துடும்' என்று சொல்லியிருக்கிறேன். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவரும் நின்றிருக்கிறார்.

திங்கட்கிழமை இதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது. அக்கா கேட்டுக்கொண்டார். "சரி மேடம். அப்போ எழுதிக் குடுத்துடறேன்," என்றார். அப்படி வந்ததுதான் அந்தப் புதன்கிழமைக் கடிதம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு இம்தியாஸ் பாயிடம் போனேன்.

"இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது மேடம். ஏ கிரேடுல இருக்கிற ஆளுக்கு பி கிரேடு சம்பளம் போட்டா, நம்ம ஷூ வாங்குற வெளிநாட்டு பையர் ஆடிட்ல மாட்டிப்போம். ஒரே கிரேடு, ரெண்டு சம்பளம் ஏன்னு கேப்பான். ஆளை ஏமாத்துறோம்னு எழுதிட்டுப் போவான்."

"அவங்களே எழுதிக் குடுத்தாக்கூடவா?"

"நாம மிரட்டி எழுதி வாங்கினோம்பான். யார் மேடம் சம்பளம் வேணாம்னு எழுதிக் குடுப்பாங்க? நீங்களா இருந்தா நம்புவீங்களா?"

நம்பமாட்டேன்தான்.

"அப்போ இன்னா வழி பாய்?"

அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "கிரேடை நீங்கதான் குடுத்தீங்க. நீங்கதான் எடுக்கணும். திரும்ப ஒரு டைம் ஸ்டடி பண்ணுங்க. நேரம் ஜாஸ்தி வந்தா பி ஆய்டும். ஏப்ரலுக்குள்ள பண்ணணும்."

வேலை நன்றாகத் தெரிந்தவருக்கு வேலை தெரியாது என்று நான் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதுதான் வழி.

பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று வருடம். வருடத்துக்குப் பத்து முறை அளந்த நேரங்கள். ஐம்பத்து நான்கு, ஐம்பத்து நான்கு, ஐம்பத்து நான்கு... முப்பது இடத்திலும் ஏறக்குறைய அதே எண். மனிதக் கை அப்படி வேலை செய்யாது. ஒரே ஆள் ஒரே வேலையைப் பத்து முறை செய்தால் நேரம் ஏறும், இறங்கும். நூல் சிக்கும், தும்மல் வரும். இது எங்கள் படிப்பின் முதல் பாடம். அக்காவின் தாளில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஏ கிரேடை மிகச் சரியாக இரண்டே வினாடியில் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறார்.

மூன்று தாளிலும் கீழே என் கையெழுத்து.

வியாழக்கிழமை வாட்சோடு போனேன். இந்த முறை தூணுக்குப் பின்னால் இல்லை. நேரே எதிரில் நின்று, "அக்கா, ஆரம்பிக்கலாமா?" என்று சத்தமாகக் கேட்டேன்.

"இருங்க மேடம், ஒரு நிமிஷம்." சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நெற்றியிலிருந்து மார்புக்குச் சிலுவை போட்டுக்கொண்டார். "ம்."

முதல் ஜோடி. ஊசி இறங்கியது. அவர் உதடு அசைவதைக் கவனித்தேன். வளைவு வந்தது, அழகாகத் திரும்பியது. தையல் முடிந்துவிட்டது. ஆனால் கை நூலை வெட்டவில்லை. விரல் கத்தரிக்கோலில் காத்திருந்தது. உதடு நின்றது. வெட்டினார்.

ஐம்பத்து நான்கு.

இரண்டாவது ஜோடி. ஐம்பத்து நான்கு. மூன்றாவது, ஐம்பத்து ஐந்து - அப்போது ஃபோர்மேன் குறுக்கே போனார்.

"இன்னாக்கா சொல்றீங்க வாய்க்குள்ள?"

"அருள் நிறைந்த மரியே மேடம்." வெட்கப்பட்டார். "ஒரு ஜோடிக்கு மூணு வாட்டி. மூணாவது ஜெபம் முடிஞ்சு ஆமென் சொல்லிட்டுதான் நூலை வெட்டணும். எனக்கு வாட்ச் கெடையாதே. ஆரம்பத்துல ரெண்டு ஜெபம் சொல்லிப் பார்த்தேன், சீக்கிரம் முடிஞ்சுடுது. நாலு சொன்னா ரொம்ப லேட்டாய்டுது, சி ஆய்டுவேன். மூணுதான் கரெக்ட்டா இருந்துச்சு."

"அன்னைக்கு...?"

"அன்னைக்கு நீங்க நிக்கிறது தெரியாது. இவகூட மீன் கதை பேசினு இருந்தேன்."

பக்கத்து மெஷினிலிருந்து தேன்மொழி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஜெபம் பண்ணாம மீனைப் பத்திப் பேசினா இப்டித்தான் ஆவும்."

பத்து முறை எடுத்தேன். சராசரி ஐம்பத்து நான்கு. நான் பொய் எழுதவில்லை என்பதை இங்கே பதிவு செய்து வைக்கிறேன். வாட்ச் காட்டியதைத்தான் எழுதினேன்.

வாசகர்கள் சிலர் இப்போது நிம்மதிப் பெருமூச்சு விடுவீர்கள். தயவுசெய்து வேண்டாம். இம்தியாஸ் பாயிடம் தாளைக் கொடுத்தபோது அவர் சொன்னதையும் கேளுங்கள்.

"இந்த வருஷம் தப்பிச்சாச்சு. அடுத்த வருஷம் பஞ்சப்படி ஏறினா பி கிரேடே எல்லையைத் தாண்டிடும் மேடம்."

"அப்போ சி?"

"சி. அதுக்கடுத்த வருஷம்?"

எங்கள் கம்பெனியில் டி கிரேடு கிடையாது.

ஒவ்வொரு பட்ஜெட்டிலும் யாருக்கு என்ன கிடைத்தது என்று மறுநாள் பேப்பரில் கட்டம் கட்டிப் போடுவார்கள். சம்பளக்காரர், விவசாயி, பெண்கள், முதியோர்... நான் அந்தக் கட்டங்களை விரும்பிப் படிக்கிறவள். இந்த வருடம் அதில் அக்காவைத் தேடினேன். ஏழைக்கு என்று போட்ட கோட்டுக்கு மேலே நிற்கிறார். வரி கட்டுகிறவருக்கு என்று போட்ட கோட்டுக்கு வெகு கீழே நிற்கிறார். நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அதன் மேல் ஒற்றைக் காலில் நிற்கிறார், விழாமலிருக்கத் தன்னைத்தானே குள்ளமாக்கிக்கொண்டு. இப்படி நிற்கிறவர்களுக்கு எந்தப் பேப்பரிலும் கட்டமில்லை. அவர்கள் எவ்வளவு பேர் என்பதும் தெரியாது. தெரியாமல் இருப்பதில்தானே அவர்கள் பிழைப்பே இருக்கிறது?

படிவத்தின் கீழே ஆபரேட்டர் கையெழுத்துக்கு ஓர் இடம் உண்டு. சனிக்கிழமை மாலை அக்காவை அழைத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததால் படித்துக் காட்டச் சொன்னார்.

"வேகம் போதாது. மேலும் பயிற்சி தேவை. ஏ கிரேடுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை."

பத்தொன்பது வருடம் தைத்த கை அந்த வரிக்குக் கீழே பெயரெழுதியது. பேனாவை மூடி என்னிடம் நீட்டினார். எதையாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மன்னிப்பு மாதிரி ஏதாவது.

"அக்கா, நான்..."

"அத்த வுடுங்க மேடம். நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க." கிளம்பியவர் கதவருகே நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு கேக்கலாமா? கட்டிங் செக்‌ஷன்ல ரெண்டு பேர், நம்ம லைன்ல ஒருத்தி. அவங்களுக்கும் இதே பேஜார்தான். ஒருத்திக்கு அவங்க அம்மாவுக்கு கேன்சர். நீங்க போட்ட லிஸ்ட்ல அவங்களும் ஏ-வுல வந்துட்டாங்க. பயந்துனு இருக்காங்க. திங்கக்கிழமை அவங்களுக்கும் வாட்ச் புடிக்கிறீங்களா?"

"அவங்களுக்கு மெதுவா வேலை செய்ய வருமாக்கா?"

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வரச் சொல்லியிருக்கேன். கத்துக் குடுத்துடறேன்."

திங்கட்கிழமை மூன்று பேருக்கும் நேரம் எடுத்தேன். மூன்று பேருமே தவறவிட்டார்கள்.

வருடக் கடைசியில் எங்கள் ஃபாக்டரியின் தாள்களை மேலேயிருந்து யாராவது பார்த்தால், இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வேலையே தெரியவில்லை என்று முடிவுக்கு வருவார்கள். அடுத்த பட்ஜெட்டில் எங்களுக்குத் தையல் பயிற்சிக்கு நிதி ஒதுக்கினாலும் ஒதுக்குவார்கள்.